சஹனுக்குள் ஓர் அமெரிக்கன்

பகல் 12.50.

நெய்ச்சோற்றின் மேலிருந்த கோழித்துண்டை ஜுனைட் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. துண்டு கிடந்த இடத்தில், இரண்டு விரல்நகம் சேர்ந்த நீளத்தில், கறுப்பாக ஒரு பூச்சி மல்லாந்து கிடந்தது.

"ஹுஸ்னியாட புழுப்பண்ண ஈ!"

எதிரே இருந்த றினாஸ் போட்ட சத்தம் மண்டபத்தின் மறுபுறம் பெண்கள் இருந்த பகுதி வரைக்கும் கேட்டது.

கல்முனையில் முனாப் ஹாஜியாரின் மகனுக்கு அன்று வலீமா எனும் கலியாண விருந்து. அறுபது சஹன். ஒரு சஹனுக்கு ஆறு பேர். பாயில் வட்டமாக இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அறுபது சஹனிலும் இருந்த கோழி, மாவடிப்பள்ளி ஹுஸ்னியாவின் பண்ணையில் வளர்ந்தது. அந்தக் கோழிகளுக்குத் தீன் புழு. அந்தப் புழு வளர்ந்தால் ஈ. ஊரில் யாரும் அறியாத விஷயமல்ல. ஆனால் அறிந்திருப்பது வேறு, சோற்றில் காண்பது வேறு. பத்து நிமிடத்தில் முன்னூற்று அறுபது கைகளும் சோற்றை விட்டு எழுந்தன. அடுத்த பத்து நிமிடத்தில் பண்ணையை மூடச் சொல்லி ஒரு முறைப்பாடு தயாராகி, நாற்பது பேர் கையெழுத்தும் வைத்துவிட்டார்கள்.

1.25.

தர்சிகா ஸ்கூட்டியை மண்டப வாசலில் நிறுத்தினாள். சுகாதாரப் பணிமனையில் பூச்சியியல் உத்தியோகத்தர். ஊர்க்கிணறுகளிலும் பழைய டயர்களிலும் டெங்கு பரப்பும் நுளம்புகளின் குடம்பிப் புழுக்களை எண்ணுவதுதான் அவளுடைய அன்றாட வேலை. வழியிலேயே மேலதிகாரி தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "நாலு மணிக்குள்ள அறிக்கை வேணும். பண்ணையால வந்த ஈதான் எண்டால், இண்டைக்கே பூட்டுவம்."

வாசலில் ஹுஸ்னியா நின்றாள். அழுது முடித்துவிட்டு, இப்போது கோபத்தில் இருந்தாள்.

"மிஸ், பண்ணையப் பூட்டினா மூணு நாளைல எல்லாப் புழுவும் செத்துரும். மறுகா நான் எங்கயிருந்து தொடங்குற? என்ட ஈயெல்லாம் வலைக்கூட்டுக்குள்ள இரிக்கி. ஒண்டு கூட வெளிய வராது."

"பாப்பம், ராத்தா. முதல்ல அது ஈதானா எண்டு பாப்பம்."

"குளவியா இரிக்கட்டும் எண்டு துஆ கேக்கிறன்."

அந்த சஹனை யாரும் தொடவில்லை. முனாப் ஹாஜியார் அதற்குக் காவல் வைத்தது போலக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தர்சிகா பூச்சியைச் சிறு இடுக்கியால் எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தாள். சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது.

"குளவிக்கு நாலு செட்டை," என்றாள். "ஈக்கு ரெண்டு. இதுக்கு ரெண்டுதான் இருக்கு."

ஹுஸ்னியாவின் முகம் வாடியது.

"பார்த்தால் குளவி மாதிரித்தான். அது வேசம். குளவி எண்டு நினைச்சுக் குருவிகள் கிட்ட வராது. ஆனா இதுக்குக் கொட்டத் தெரியாது. கால் நுனி வெள்ளை. இந்தா, வயித்தில பாருங்க, இடுப்புக்குக் கிட்ட ரெண்டு கண்ணாடி யன்னல். அதுக்குள்ளால தாள் தெரியுது. இந்த ரெண்டு யன்னலும் இருந்தால் வேற சாதி எண்டு யோசிக்கத் தேவையில்ல. கறுப்புப் படைவீரன் ஈ. அமெரிக்காக் கண்டத்தில, வெயில் கூடின நாடுகள்தான் இதின்ட பிறந்த வீடு. பிறகு உலகமெல்லாம் பரவிட்டுது."

"அமெரிக்கன் ஈ என்ட மகன்ட கலியாணத்துக்கா வரணும்?" என்றார் முனாப்.

"அப்ப பண்ண ஈதான்," என்றார் றினாஸ். கூட்டம் தலையாட்டியது. ஹுஸ்னியா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

தர்சிகா தாளின் மேல் குனிந்தாள். இடுக்கி நுனியால் ஈயின் வயிற்றை மெல்ல அழுத்தினாள். வெளியே நெய் மினுங்கியது. உள்ளே பழைய அப்பளம் போல நொறுங்கியது. மூன்று கால்கள் இல்லை. பிறகு முதுகைத் திருப்பினாள். வலப்பக்கத் தோளில், மயிர் நுழையும் அளவுக்கு, வட்டமாக ஒரு துளை.

அவளுடைய நெற்றி சுருங்கியது. ஈயை ஒரு சிறு குப்பியில் போட்டு மூடினாள்.

1.45.

"இந்த சஹன்ல ஆரார் இருந்த?"

"நான், ஜுனைட், றினாஸ்," என்றார் முனாப். "மத்த மூணு பேரும் மாப்பிள்ளைட கூட்டாளிமார். அறுகம்பேயில கெஸ்ட் ஹவுஸ்ல வேல. இண்டைக்குக் காலம்பற பஸ்ஸில வந்தாக்கள்."

"கல்முனைக்கு முதலும் வந்திருக்கிறீங்களா?"

மூவரும் ஒன்றாகத் தலையை ஆட்டி இல்லை என்றார்கள். அவர்களில் ஒருவன் கவலையோடு கேட்டான்: "மிஸ், மிச்சக் கோழிய நாங்க தின்னலாமா?"

தர்சிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜுனைட்டின் பக்கம் திரும்பினாள். ஜுனைட் கோழி வியாபாரி. போன வருடம் வரை இந்த மண்டபத்து விருந்துக்கெல்லாம் கோழி கொடுத்தவர் அவர். இப்போது அந்த இடம் ஹுஸ்னியாவுக்கு. ஊரின் கண்கள் எல்லாம் அவர் மேல்தான் இருந்தன.

"உங்கட பக்கத்திலதான் ஈ கிடந்தது."

"ஓம், கிடந்திச்சி. அதுக்கு நான் என்ன செய்ய?" ஜுனைட்டுக்குச் சட்டென்று ஏறிவிட்டது. "நான் என்ட பக்கத்துச் சோத்ததான் தின்ட. மத்தாக்கள்ட பக்கம் கை நீட்டுற பழக்கம் எனக்கில்ல. றினாஸ் நடுவில இருந்த கோழியப் பிச்சு எல்லாருக்கும் பங்கு வெச்சான். பிஸ்மி சொல்லித் தூக்கினன். கீழ இது!"

"ஹுஸ்னியா ராத்தாவோட கோபமா?"

"கோபம் இருந்திச்சி. ஆறு மாசமா இல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் முட்ட விட்டு ஓய்ஞ்ச கோழிய அங்கதான் போய் ஏத்துறன். ஈக்கூட்டுக்குப் பக்கத்திலதான் லொறி நிக்கும்."

றினாஸ் கோழித்தீன் கடை வைத்திருப்பவர். அவரிடம் கேட்க முன்பே கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"நான் அண்டைக்கே சொன்னன் மிஸ். இந்த ஈ ஊரக் கெடுக்கும் எண்டு. ஆரும் கேக்கல்ல."

"நீ சொன்னாய்தான்," என்று ஜுனைட் இடைமறித்தார். "நெருப்புப் பெட்டிக்குள்ள எட்டுக் குளவியப் புடிச்சிக் கொண்டு சுகாதாரக் கந்தோருக்குப் போய், ஹுஸ்னியாட ஈ என்ட கடைக்குள்ள வந்திட்டுது எண்டு சொன்ன ஆள்தானே நீ! மிஸ்தானே செட்டய எண்ணிக் காட்டி அனுப்பின."

கூட்டம் சிரித்தது. றினாஸ் சிரிக்கவில்லை.

"அது ரெண்டு மாசத்துக்கு முந்தின கத," என்றார்.

தர்சிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஹாஜியார், மூணேகால் வரைக்கும் இந்த ஆறு பேரையும் வெச்சிருங்க. நான் போயிட்டு வாறன்."

2.15.

பணிமனையில் அவளுடைய மேசைக்கு அருகே, கண்ணாடி மூடியிட்ட ஒரு மரப்பெட்டி இருந்தது. நுளம்பு, குளவி, மணல் ஈ, வண்டு என்று இந்தக் கரையோரத்தில் அவள் பிடித்துப் பெயர் கண்டுபிடித்த பூச்சிகள் அதற்குள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய ஊசியில். ஈக்களை முதுகின் நடுவே குத்தமாட்டாள். வலப்பக்கம் குத்துவாள். அப்போதுதான் இடப்பக்கம் பழுதாகாமல் இருக்கும். ஊசியின் கீழே ஒரு சிறு பெயர்ச்சீட்டு.

மூன்றாவது வரிசையில் ஓர் ஊசி வெறுமனே நின்றது. அதன் கீழ் அவளுடைய கையெழுத்திலேயே "கறுப்புப் படைவீரன் ஈ, மாவடிப்பள்ளி" என்று எழுதியிருந்தது. ஊசி இருந்தது, சீட்டு இருந்தது, ஈயை மட்டும் காணவில்லை. பெட்டியின் அடியில் இரண்டு கால்கள் உதிர்ந்து கிடந்தன.

தன் ஈயைத்தான் தானே சோற்றிலிருந்து பொறுக்கியிருக்கிறாள்! தர்சிகாவுக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது. அடுத்த கணம் சிரிப்பு வந்தது.

வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். நேற்றுக் காலை அவள் பெட்டியைத் துடைத்தபோது ஈ இருந்தது; பிறகு அவள் வெளியே நுளம்பு பார்க்கப் போயிருந்த நேரம். 10.15, ஜுனைட், இறைச்சிக்கடை அனுமதிப் பத்திரம். 10.40, றினாஸ், கடைக்குப் பின்னாலிருந்த டயர்களுக்காக வந்த டெங்கு அறிவித்தல். இருவருமே அவளுடைய மேசையருகில் இருந்த வாங்கில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்கள்.

பதிவேடு விடை தரவில்லை. ஆனால் ஒரு கேள்வியைத் தந்தது. பண்ணையில் ஆயிரக்கணக்கில் ஈ இருக்கும்போது, செத்து உலர்ந்த ஒற்றை ஈயை ஒருவர் ஏன் பணிமனைக்குள் வந்து களவெடுக்க வேண்டும்?

வாங்கில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் யோசித்தாள். பிறகு பெட்டியிலிருந்து ஒரு கறுப்புக் குளவியை ஊசியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்; வழியில் மாவடிப்பள்ளிக்குப் போய்ப் பண்ணையின் வலைக்கூட்டையும் சுற்றிப் பார்த்தாள்.

3.15.

மண்டபத்தில் தேநீர்க் கோப்பை வைக்கும் இரண்டு வெள்ளைப் பீரிசுகளை மேசை மேல் வைத்தாள். ஒன்றில் கழுவித் துடைத்த அந்த ஈ. மற்றதில் குளவி. இரண்டையும் யன்னல் தெரியாமல் வயிறு கீழே இருக்கும்படி, செட்டைகளை மடித்து வைத்திருந்தாள்.

"ஒரு சின்ன வேலை. இதில ஹுஸ்னியா ராத்தாட ஈ எது? ஒவ்வொருத்தரா வந்து பார்த்து, என்ட காதில மட்டும் சொல்லுங்க."

அறுகம்பேக்காரர் மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவன் இரண்டுமே ஈ என்றான். முனாப் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "எனக்கு ரெண்டும் ஒண்டுதான் மகள்."

ஜுனைட் நடந்து வரும்போதே கண்ணைக் காட்டிவிட்டுக் காதில் சொன்னார்: "இந்தா, இது. வெள்ளச் சப்பாத்துப் போட்டிரிக்கி."

கடைசியில் றினாஸ். குனிந்தார். இந்தப் பீரிசைப் பார்த்தார், அந்தப் பீரிசைப் பார்த்தார். வியர்த்தது. ஒரு பீரிசைத் தூக்கி அடியில் பார்த்தார். மற்றதையும் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க, றினாஸ் காக்கா?"

"இல்ல, இதில பேர்த்துண்டு ஒண்டையும் காணல்லியே…"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. கையிலிருந்த பீரிசை அவசரமாக மேசையில் வைத்தார்.

"எந்தப் பேர்த்துண்டு?" என்றாள் தர்சிகா மெதுவாக. "பூச்சிக்குக் கீழ பேர் எழுதியிருக்கிறது கல்முனையில ஒரே ஒரு இடத்திலதான். என்ட பெட்டிக்குள்ள."

"மிஸ், நான் சும்மா…"

"சோத்தில கிடந்த ஈ உயிரோட வந்து விழயில்ல. உள்ளுக்கு மாவாகக் காய்ஞ்சிருக்கு. வலது தோளில ஊசி போன ஓட்டை. அது நான் குத்தின ஊசி. என்ட பெட்டியில ஊசி நிக்குது, ஈ இல்ல. நேத்து என்ட மேசைக்குப் பக்கத்தில இருந்தவங்க ரெண்டு பேர். ஜுனைட் காக்காவும் நீங்களும்."

"அப்ப அவன்தான்!" றினாஸ் கையை நீட்டினார். "அவன்ட பக்கத்திலதானே கிடந்திச்சி!"

"அதைத்தான் எல்லாரும் பார்த்தம். அவர் பக்கத்தில கிடந்தது, அதால அவர் போட்டார், இல்லாட்டி தானா விழுந்தது. ஆனா கோழிக்கு மேல இல்ல, கீழ கிடந்தது. சஹன்ல கோழிய அவரவர் எடுக்கிறதில்ல. ஒருத்தர் பிச்சு மற்றவங்களுக்கு வைக்கிறது உங்கட வழக்கம். எல்லார்ட பக்கமும் போறதுக்கு உரிமையுள்ள கை அந்த ஒரு கைதான். இண்டைக்கு அது உங்கட கை."

ஜுனைட் வாயைப் பிளந்தார். "அட பாவி! நல்ல துண்டு எண்டு சொல்லியெல்லோ வெச்சாய்!"

"ஜுனைட் காக்காவுக்கு ஈ வேணுமெண்டால் சனிக்கிழமை பண்ணையில ஒண்டைப் பிடிப்பார். பார்த்த உடனே அவருக்குத் தெரியும். பெயர் எழுதி வைச்ச ஈ ஆருக்குத் தேவை? ஈ எது, குளவி எது எண்டு தெரியாதவருக்கு. ஒருக்கால் குளவியக் கொண்டு வந்து ஊர் சிரிச்சதால, இந்த முறை பிழை வரக்கூடாதெண்டு கவனமா இருந்தவருக்கு. மற்றது, கைக்குள்ள வைச்சுக் காட்டினாலும் தெரியாத உங்களுக்கு, எதிர்ப்பக்கத்தில, நெய்க்குள்ள மல்லாந்து கிடந்தது ஆருடைய ஈ எண்டு எப்பிடி ஒரு நொடியில தெரிஞ்சது?"

றினாஸ் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வல்லாஹி, பெரிசா ஒண்டும் நினைக்கல்ல. நாலு பண்ணைக்காரர் என்ட தீன விட்டுட்டுப் புழுவுக்கு மாறிட்டாங்க. இன்னும் கொஞ்ச நாளைல கடையப் பூட்டணும். ஒரு பயத்தக் காட்டினா திரும்பி வருவாங்க எண்டுதான்…"

"பொலிசுக்குச் சொல்லுவம்," என்றார் முனாப். அறுபது சஹன் பாழான கோபம் அவருக்கு.

"வேணாம் ஹாஜியார்." ஹுஸ்னியா முன்னால் வந்தாள். "பொலிசெல்லாம் வேணாம். வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்ச பிறகு, பள்ளி வாசல்ல நிண்டு, கையெழுத்து வெச்ச நாப்பது பேருக்கும் அவரே வாயால சொல்லட்டும். அது போதும்."

"பொலிசுக்கே போறன் ராத்தா," என்று முனகினார் றினாஸ். மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

3.50.

தர்சிகா மேசையில் இருந்தபடியே அறிக்கையை எழுதினாள். பண்ணையில் குறையில்லை, வலைக்கூடு சரியாக இருக்கிறது, பண்ணை தொடர்ந்து இயங்கலாம். தன் பெட்டிக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள். ஹுஸ்னியா அதைத் தோளுக்கு மேலால் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன கறியைச் சூடாக்கச் சொல்லிப் சமையல்காரப் பண்டாரியைத் தேடிப் போனாள். அறுகம்பேக்காரர் மூவரும் அவளுக்கு முன்னால் ஓடினார்கள்.

"எப்பிடியெண்டாலும், இந்த ஈ ஒரு நாளைக்கு உண்மையாகவே வந்து சோத்தில குந்தாதா?" றினாஸுக்கு இன்னும் ஆறவில்லை.

"குந்தாது காக்கா. புழுவாக இருக்கிறபோது தின்னுறதுதான் அதின்ட சாப்பாடு. செட்டை முளைச்ச பிறகு சோறு கறியில அதுக்கு நாட்டமில்ல."

"தின்னவும் மாட்டுது, கொட்டவும் மாட்டுது. அப்ப அது என்ன இழவுக்குப் பறக்குது?"

"சோடி தேடத்தான். கலியாணம் முடிக்கிறதுக்கு மட்டும்தான் பறக்குது."

முனாப் ஹாஜியார் கதிரையிலிருந்து எழுந்து, பீரிசில் கிடந்த ஈயை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"அப்ப இந்த மண்டபத்தில சரியான காரணத்தோட வந்தது இவர் ஒருத்தர்தான். மத்த முன்னூத்தி அறுபது பேரும் கோழி தின்ன வந்தாக்கள்."