புதன்கிழமை கைநாட்டு

லிசோம்பே போலீஸ் ஸ்டேஷனில் போன் அடித்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணி.

இன்ஸ்பெக்டர் ஸியோனே எடுத்தாள்.

"அம்மாடி... உன் மாமா போயிட்டாரு."

அம்மா நசிபெகோவின் குரல். அழுகை இல்லை. வறண்டு கிடந்தது.

"நேத்து கேட்டப்ப வெறும் காய்ச்சல்னுதானேம்மா சொன்ன?"

"வந்து பாரு. பின்மண்டை உடைஞ்சிருக்கு."

லைன் கட்டானது.

மாமா லுஃபேயோ... கபுடுலா கிராமத்தின் தலைவர். அப்பன் முகம் பார்க்காத ஸியோனேயைப் படிக்க வைத்தவர். அவளுக்குப் போலீஸ் வேலை கிடைத்த அன்று, "இனிமே என்னைத் திட்டுறவன் யோசிச்சுத் திட்டணும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

ஸ்டேஷனுக்கே ஒரே இன்ஸ்பெக்டர் அவள்தான். சொந்த மாமா கேஸை யார் தலையில் கட்டுவது?

மழையில் பாலம் போய்ப் பத்து நாளாகிறது. பைக்கை இந்தக் கரையில் விட்டுவிட்டு ஆற்றில் இறங்கி நடந்தாள்.

ஊருக்குள் நுழையும் முன்பே ஒப்பாரி கேட்டது. ஆண்கள் வெளியே மரக்கட்டைகளில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் தரையில், உடலைச் சுற்றி.

துணியை விலக்கினாள்.

பின்மண்டையில் காயம். வலது கட்டைவிரலில் நீல மை.

துணியை மூடினாள். வெளியே வந்தாள்.

வாசலில் வின்ஸ்டன் கலுவா. மாவட்டக் கவுன்சிலின் திட்ட அதிகாரி. வேறு மாவட்டத்துக்காரன். இங்கே வந்து ஆறு மாதம்தான். சலவைச் சட்டை, முழங்கால் வரை சேறு, அக்குளில் பளபள புத்தகம்.

"வார்த்தையே வரல மேடம். தங்கமான மனுஷன்."

"அது என்ன புத்தகம்?"

"நம்ம லிசோம்பே மாவட்டத்தைப் பத்தி மேடம். நாளைக்குத் தலைநகர் லிலோங்வேயிலேர்ந்து முதலீட்டாளருங்க வர்றாங்க. பாரம்பரியம், நிர்வாகம், முதலீட்டு வாய்ப்பு... மூணு பாகம். முழுக்க நானே எழுதினது."

புரட்டினாள்.

ஒன்பதாம் பக்கத்தில் கபுடுலா மலை. 'முன்னோர்களை அடக்கம் செய்யும் காடு. இங்கே ஒரு சுள்ளிகூட ஒடிப்பதில்லை.'

நாற்பத்தொன்றாம் பக்கத்திலும் அதே மலை. 'அறுபது ஏக்கர் காலி நிலம்.'

"ஒன்பதாம் பக்கத்துல எங்க பாட்டனுங்க படுத்திருக்காங்க. நாப்பத்தொண்ணு வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாங்களா?"

"அது... வேற வேற அத்தியாயம் மேடம்."

"மலையைத் தர முடியாதுன்னு மாமா மூணு மாசமா சொன்னாரே."

"கடைசியில மனசு மாறிட்டாரு. பாருங்க."

ஒரு தாளை நீட்டினான். மலையைக் கொடுக்கச் சம்மதம். கீழே நீலக் கைநாட்டு. தேதி... நேற்று. புதன்கிழமை, நண்பகல்.

ஸியோனே தாளை வாங்கித் திரும்பப் படித்தாள். இந்தத் தாள் செல்லுமானால், நாளை மலை போய்விடும். மாமாவைப் புதைக்கவே இடம் இருக்காது. அதைவிட, மாமாவே அதை விற்றாரா?

"எங்க வச்சு வாங்கினீங்க?"

"அவர் வீட்லதான். காய்ச்சல்ல படுத்திருந்தாரு. உங்கம்மா கஞ்சி கொண்டுபோனதை நானே பாத்தேன். அவங்க வெளிய வந்ததும் உள்ள போனேன். ரெண்டே நிமிஷம்."

"பேசினாரா?"

"சிரிச்சுக்கிட்டே பேசினாரு. 'ஊரு முன்னேறட்டும்'னாரு."

"அப்புறம்?"

"நேரா கவுன்சில் மீட்டிங். ராத்திரி வரைக்கும் முப்பது பேர் என்னைப் பாத்திருக்காங்க. நான் போனப்புறம் எந்திரிச்சு நடந்து எங்கயாவது விழுந்திருப்பாரு... பாவம்."

ஓட்டை இல்லாத பதில். ஸியோனே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"நேத்து மத்தியானம் இவர் உள்ள வந்தாராம்மா?"

நசிபெகோ அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வரல. வந்திருந்தாலும் கைநாட்டு கிடைச்சிருக்காது."

"ஏன்?"

"என் தம்பி செத்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம்."

வின்ஸ்டன் நசிபெகோ பக்கம் திரும்பினான்.

"கஞ்சி... கஞ்சி போச்சே..."

"உங்க பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாதுப்பா. இங்க தலைவர் செத்தா, எல்லா ஊருக்கும் மேல இருக்கிற பெரிய தலைவருக்குச் சேதி போய்ச் சேர்ற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாது. அழக்கூடாது. காய்ச்சல்னுதான் சொல்லணும். பாலம் இல்ல, அவரு ஊருப் பக்கம் ஆறு ஆழம். சுத்துவழியா போன ஆளு இன்னிக்கு விடியத்தான் திரும்பினான்."

மகளிடம் திரும்பினாள்.

"பெத்த பொண்ணு உங்கிட்டயே பொய் சொன்னேன். வேளாவேளைக்குக் கஞ்சி காச்சி உள்ள கொண்டுபோனேன். சட்டி காலியா வெளிய வரணுமே? அவன் பக்கத்துல உக்காந்து நானே குடிச்சேன். தொண்டையில எறங்கல... ஆனா குடிச்சேன்."

ஸியோனே அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"எங்கேம்மா கெடந்தாரு?"

"மலைப் பாதையில. தூக்கும்போதே கட்டைவிரல் நீலமா இருந்துச்சு. ஏதோ காட்டுப்பழச் சாறுன்னு நெனச்சேன்."

ஸியோனே மெல்லத் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமையே விரல்ல மை. தாள்ல புதன்கிழமை. எப்படி வின்ஸ்டன்?"

அவன் சேற்றில் உட்கார்ந்தான்.

"முடியாதுன்னுட்டாரு மேடம்... கோபத்துல தள்ளினேன். கல்லுல அடிச்சிடுச்சு. ஆனா மூச்சு இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. மறுநாள் காய்ச்சல்னாங்க, கஞ்சி போச்சு... பொழைச்சுட்டாருன்னு நெனச்சேன்."

"இன்னிக்கு ஒப்பாரி கேட்டதும் நேத்துத் தேதியைப் போட்டே. முப்பது பேர் சாட்சி இருக்கிற நாளாப் பாத்து."

ஸியோனே தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

"மூச்சு இருந்த மனுஷனை அங்கயே போட்டுட்டு, கைநாட்டை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கே."

அப்போதுதான் நசிபெகோ அழுதாள். ஒன்றரை நாளாகத் தேங்கிக் கிடந்தது மொத்தமும் ஒரே கதறலாக வந்தது.

"அவனுக்கு மூச்சு இருந்துச்சாமே... இருந்துச்சாமே..."

ஸியோனே அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். யூனிஃபார்ம் நனைந்தது. மலைப் பக்கம் மண்வெட்டிகளோடு நாலு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள், மாமாவுக்குக் குழி தோண்ட.

விலங்கை மாட்டியபோது அவன் முனகினான்.

"நாளைக்கு முதலீட்டாளருங்க வருவாங்களே மேடம்... அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

ஸியோனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லிசோம்பேல எல்லா வசதியும் இருக்குன்னு சொல்லு. ஒரே ஒரு குறைதான்... இங்க செத்தவங்க கைநாட்டு வைக்க மாட்டாங்க."