மூதூர் இறங்குதுறையில் ஒரு பல்வலி

படகை விட்டு இறங்கிய ஷாமிலாவின் நெற்றியில் ஒரு குடைக்கம்பி இடித்தது. மழை அப்போதுதான் பிடித்திருந்தது.

"கண் தெரியாதா உங்களுக்கு?"

"மன்னிச்சுக்கொள்ளுங்க..." குடைக்காரன் நிமிர்ந்தான். மழையில் நனைந்த அவள் இமைகள், கலங்கிப்போன கண்கள்... அவன் பார்வை ஒரு கணம் அங்கேயே நின்றுவிட்டது. "அழுறீங்களே. அவ்வளவு பலமாவா இடிச்சிட்டுது?"

அழுகை குடையால் வந்ததல்ல. நிச்சயித்த கலியாணம் முறிந்ததிலிருந்து, வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்றாலே அவளுக்குக் கை நடுங்கி மூச்சு முட்டியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். சொந்த ஊரில் கவுன்சிலிங் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் கடல் கடந்து திருகோணமலைக்குப் போனாள். அங்கே கவுன்சிலிங் செய்த பெரியவரோ பாதிக் கதையிலேயே, "வேற மாப்பிள்ளை வந்தா எல்லாம் சுகமாகும்" என்று அனுப்பிவிட்டார். இனி ஒருவரிடமும் போவதில்லை என்று படகிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

இதை முன்பின் தெரியாதவனிடம் சொல்லவா முடியும்?

"பல்லுக் கொதி," என்று வீட்டில் சொன்ன பொய்யையே சொல்லி வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மழை விட்டால்தான் படகு திரும்பும் என்றார்கள். கொட்டகைக்குள் இருவரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். அவன் திருகோணமலை டவுன்காரன், பெயர் ஸப்வான். கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் செருமினான்.

"குறை நினைக்காதீங்க... முதல்ல வலது பக்கம் பிடிச்சீங்க. இப்ப இடது பக்கம்."

சட்டெனக் கையை எடுத்தாள். கன்னம் சூடேறியது.

"நானும் வீட்ட பல்லு எண்டுதான் சொல்லிப்போட்டு வந்தனான். டவுனில இல்லாத பல்லு டொக்டரா மூதூரில எண்டு உம்மா இன்னும் கேக்கேல்ல."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள்... முடியவில்லை. சிரித்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? கதையைச் சொல்லிவிட்டாள். அவனும் சொன்னான். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து அவனுக்கு நித்திரை இல்லை. இங்கே சந்தைத் தெருவில் கவுன்சிலிங் செய்யும் நிருஜா மிஸ்ஸிடம் வருகிறான்.

"அவக்கு முதல் நான் பாத்த ரெண்டு பேர் எனக்கு ஒத்துவரேல்ல. செருப்பே போட்டுப் பாத்துத்தானே வாங்குறம். நான் சொல்லுறது வீட்டுக்குப் போகுமா எண்டு முதல் நாளே கேட்டனான், போகாது எண்டவ. நான் முடிக்குமட்டும் குறுக்க ஒரு சொல் கதைக்கேல்ல. நீங்களும் போய்ப் பாருங்களன்."

"சந்தைத் தெருவிலயா? மாமிட கடைக்கு முன்னால... ஏலாது. ஆக்கள் பாப்பாங்க."

"பாத்தா என்ன?"

"நீங்க ஆம்பிளை. உங்களுக்கு நாளைக்கும் பொண்ணு தருவாங்க."

அவன் வாதாடவில்லை. "ஓம், அது சரிதான்," என்று தலை குனிந்து படகேறினான்.

அந்தக் கிழமை ஏழு நாளும் அவன்மேல் கோபமாக இருந்தாள். பிறகுதான் கோபம் அவன்மேல் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்த தன்மேல்தான் என்று புரிந்தது. ஒருநாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப பல்லில ஒண்டும் இல்லையா?" என்றார் உம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நட, நானும் வாறன்."

பட்டப்பகலில், மாமியின் கடையைத் தாண்டி இருவரும் நடந்தார்கள். நிருஜா மிஸ் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, "என்னோட கதைக்கிறது உங்களுக்குச் சரியாப் படுதா? இல்லையெண்டா வேற ஆளைக் காட்டுறன்," என்றார். இப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. ஷாமிலா விம்மி அழுதாள். அடுத்த கிழமையும் வந்தாள்.

அடுத்த தவணையில் வகுப்புக்குத் திரும்பினாள். கை நடுங்கத்தான் செய்தது, ஆனாலும் நின்று படிப்பித்தாள். ஒரே ஒரு குறை... இனி அவளுக்குப் படகு தேவையில்லை, இறங்குதுறைக்குப் போக ஒரு சாக்கும் இல்லை.

ஒரு மழை நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் இறங்குதுறைக்குப் போனாள். படகேற நின்ற ஸப்வான் திரும்பிப் பார்த்தான்.

"டவுனுக்கா?"

"இல்ல."

"பல்லு...?"

"சுகம். உங்களப் பாக்கத்தான் வந்தனான்."

அவன் குடையை விரிக்க மறந்து நின்றான். "மிஸ் இனி வரத் தேவையில்ல எண்டு எப்பவோ சொல்லிட்டா. ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் வாறனான்... இந்தக் கொட்டகையில நிண்டுட்டுப் போவன். எனக்கு உங்களில விருப்பம்."

மழை இருவர்மேலும் பெய்தது. சந்தைக்கு வந்த சனம் ஒதுங்கி நின்று பார்த்தது. மாமியும் அதில் இருந்தார்.

"ஆக்கள் பாக்கிறாங்க," என்றான் அவன் மெதுவாக.

"பாக்கட்டும்," என்றாள் ஷாமிலா.