பழஞ்சேலையின் மறுபாதி

குழந்தையின் பிடரி ஈரமாக இருந்தது.

வேர்வையாக இருக்கும் என்றுதான் புஷ்பமேரி முதலில் நினைத்தாள். வெளியே மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. போர்வை இல்லாமல் பெரியவர்களே நடுங்கும் குளிரில் பச்சைக்குழந்தைக்கு எங்கிருந்து வேர்க்கும்? பேரனைக் குப்புறப் போட்டுப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில் மட்டும் ஈரம். பூமயிர் எல்லாம் சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. மூக்கை வைத்து மோந்தாள். பவுடர் வாசனைக்கு அடியில் நனைந்த வைக்கோல் வாடை.

"ஜெனி, புள்ளைக்குத் தல தொவட்டுனியா?"

"நான் எங்கம்மா தொட்டேன்? இப்பத்தான் முழிக்கிறேன்" என்றாள் ஜெனிஃபர், கட்டிலில் படுத்தபடியே.

புஷ்பமேரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தானும் சொல்ல வேண்டிவரும்.

அவளைப் பூனை ஆகாதவள் என்று கடலூர் முதுநகரில் ஒருவரும் சொல்ல முடியாது. ஐப்பசி அடைமழையில் வயிறு தரையில் இழுபட வந்து நின்ற சாம்பல்நிறப் பூனையை உள்ளே சேர்த்தவளே அவள்தான். சாம்பி என்று பேர் வைத்தாள். அப்போதுதான் மகளும் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வீட்டில் வாயும் வயிறுமாக ரெண்டு பேர் ஆயிற்று. புஷ்பமேரிக்கு அதில் சிரிப்பு தாங்கவில்லை. துறைமுகத்திலிருந்து வருகிற மீனில் நடுத்துண்டு மகளுக்கு, தலை சாம்பிக்கு.

சாம்பி குட்டி போட்டது பின்னறையில், கிறிஸ்துமஸ் குடில் சாமான் வைக்கும் மரப்பெட்டிக்குள். வைக்கோலுக்கு நடுவில், இடையர் பொம்மைகளைத் தள்ளிவிட்டு, மூன்று குட்டிகள். கண் திறக்காதவை. எட்டிப் பார்க்கப் போன புருஷன் அடைக்கலராஜின் புறங்கையைச் சாம்பி கிழித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பின்னறைப் பக்கமே போவதில்லை. புஷ்பமேரியை மட்டும் விட்டது. அவள் கையை உள்ளே விட்டால் நக்கிக் கொடுக்கும். குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்.

பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன தன் நூல்சேலை ஒன்றை, நீலப்பூப் போட்டதை, பேரனுக்கென்று புஷ்பமேரி எடுத்து வைத்திருந்தாள். வைக்கோல் குத்துமே என்று அதை ரெண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியைக் குட்டிகளுக்கு விரித்தாள். மறுபாதியை அலமாரியில் வைத்தாள்.

"ஒனக்குப் பாதி, எம்பேரனுக்குப் பாதி. சந்தோஷமாடி?" என்று சாம்பியின் தாடையைச் சொறிந்தாள்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் ஜெனிஃபருக்கு ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டு, வேண்டாத கோயில் இல்லாமல் வேண்டி வந்த பிள்ளை. பார்க்க வந்த சம்பந்தி அம்மாளுக்கு யார் சொன்னார்களோ, வார்டிலேயே வைத்துச் சொல்லிவிட்டாள்.

"பூன இருக்கிற வூட்டுக்கு எம்பேரன அனுப்ப மாட்டேன். மயிரு மூச்சுல ஏறுனா யாரு பதில் சொல்றது? நேரா எங்கூரு மங்கலம்பேட்டைக்கே இட்டுக்கினு போறோம்."

புஷ்பமேரி கட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பேரன் தன் வாசல்படி ஏறாமலே போய்விடுவானா? "பூனையா? எந்தப் பூன? அதெல்லாம் இல்ல சம்பந்தி" என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் மகளுக்குப் புட்டு செய்ய வாங்கிய பால்சுறாவின் தலையை வேகவைத்து வாசலில் வைத்தாள். தாய்க்குப் பால் ஊறுவதற்கென்றே கொடுக்கிற மீன். சாம்பிக்குக் குட்டிகளை விட்டு வர மனமில்லை. பெட்டியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு புஷ்பமேரியின் முகத்தைப் பார்த்தது. நீ இருக்கிறாயே என்பதுபோல் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போனது.

புஷ்பமேரி கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். சேலைத்துணியின் நாலு முனையையும் குட்டிகளோடு சேர்த்து இறுக்கி முடிந்தாள். ஒயர்கூடையில் வைத்துப் பின்பக்கமாக இறங்கிச் சிதம்பரம் பஸ் ஏறினாள். மடியில் கூடை முனகியது. கோழிக்குஞ்சு என்று கண்டக்டரிடம் சொன்னாள். செம்மங்குப்பத்தில் இறங்கி, பூட்டிக் கிடந்த ஒரு கெமிக்கல் கம்பெனியின் மதிலுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் ஓரம் மூட்டையை வைத்தாள். அழுகிய பழமும் ஆசிட்டும் கலந்த வாடை அங்கே எப்போதும் உண்டு. யாராவது வாட்ச்மேன் எடுத்து வளர்ப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பக்கம் வாட்ச்மேன் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். முடிச்சை அவிழ்த்தாவது விட்டிருக்கலாம். அடுத்த பஸ் வந்துவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியில் மகளோடு தங்கிய நாட்களில் சாம்பி வாசலில் கிடந்து கத்தியதைப் பக்கத்து வீட்டு ராசம்மாள்தான் சொன்னாள். "தொண்ட கிழியக் கத்துச்சு யக்கா. மடியில பாலு கட்டிப் போய் கல்லாட்டம் தொங்குச்சு. கேக்க முடியல. நீங்க வந்ததும் நின்னுடுச்சு பாருங்க."

நின்றுதான் போனது. குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சாம்பியை யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்துதான் பிடரியில் ஈரம்.

அதோடு போயிருந்தால் புஷ்பமேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சமாளித்திருப்பாள். குழந்தை தாய்ப்பாலைத் தொட மறுத்தான். ஜெனிஃபர் மாரில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் வயிறு மத்தளமாக உப்பியிருந்தது. ஏப்பம் விட்டான். அதில் மீன்வாடை அடித்தது.

"பட்டினியா கெடக்குற புள்ளைக்கு எடை எப்பிடிம்மா ஏறும்? நர்ஸே நல்லா ஏறியிருக்குன்றாங்க" என்றாள் ஜெனிஃபர். பால் கட்டி வலித்ததில் அவளுக்குக் கண் கலங்கியது. சுறாப்புட்டின் பலன் அவள் ரவிக்கையை நனைத்துக்கொண்டு வீணாகப் போனது. புஷ்பமேரி குழந்தையின் உதட்டோரம் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்தாள். ஒரு மயிர். சாம்பல்நிறம். மகள் பார்ப்பதற்குள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் உருட்டி உருட்டிப் பார்த்த கண்களைக் குழந்தை இப்போது திறப்பதே இல்லை. இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தூங்கும்போது ரெண்டு கையையும் மாற்றி மாற்றி அமுக்கினான். எதையோ பிசைவதுபோல.

அன்று சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே கரண்ட் போயிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் அசந்து தூங்கினாள். அடைக்கலராஜ் கோயிலுக்குப் போயிருந்தார். ராசம்மாள் மெழுகுவத்தி கேட்டு வந்தவள், தூளியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தாள்.

"இந்தத் துணி எனக்குத் தெரியுதே. நீங்க கட்டுன நீலப்பூச் சேலதானே? மறுபாதி பூனைக்கு விரிச்சீங்கள்ல?"

"ஆமா."

"பூன துணி வாசத்த வச்சுத்தான் குட்டிங்களத் தேடும் யக்கா. ஏழு வூடு மாத்துனாலும் தேடி வரும். மாத்திப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, மெழுகுவத்தியோடு மழைக்குள் ஓடினாள்.

புஷ்பமேரி குழந்தையை வேறு துணியில் சுற்றித் தூளியில் கிடத்தினாள். நீலப்பூத்துணியைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்று தெரியும். ஒரு நிமிஷம்தானே. எரித்துவிட்டால் தீர்ந்தது.

தகரக் கூரைக்குக் கீழே துணியில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்தாள். பிடிக்கவில்லை. இன்னொன்று. அணைந்தது. துணி சொதசொதவென்று நனைந்திருந்தது. குழந்தையிடமிருந்து எடுக்கும்போது உலர்ந்துதானே இருந்தது? முகத்தருகே கொண்டுபோனாள். மண்ணெண்ணெயையும் மீறி அடித்தது அந்த வாடை. அழுகின பழம். ஆசிட்.

உள்ளே தூளிக் கொக்கி கிரீச்சிட்டது.

மகள் எழுந்து ஆட்டுகிறாள் என்று நினைத்தாள். "ஜெனி?"

கிரீச். கிரீச். அதற்கு அடியில் இன்னொரு சத்தம். தொண்டைக்குள் உருளும் சத்தம். பெட்டிக்குள் கையை விடும்போதெல்லாம் அவள் கேட்டுப் பழகிய சத்தம்.

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஈரத்தரை வழுக்கியது. பின்னறையைத் தாண்டும்போது குடில் பெட்டி திறந்து கிடந்தது. வைக்கோல் தரையெல்லாம். கூடம்வரைக்கும்.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. பாரமாக. அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கறுப்புத் தண்ணீர். ஜெனிஃபர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

கையை விட்டாள். தட்டுப்பட்டது துணி. முடிச்சு.

அவள் போட்ட முடிச்சு.

எடுத்தாள். நீலப்பூ. நாலு முனையும் இறுக்கி முடிந்தபடி. ஊறிப்போய், கனத்து. பேரன் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ அசைந்தது. மதில்மேல் சாம்பி நடந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல். வாயில் குழந்தை. பிடரியைக் கவ்வியிருந்தது. தாய் தூக்கும்போது பூனைக்குட்டி எப்படிக் கைகாலை மடக்கிக்கொண்டு தொங்குமோ, அப்படியே தொங்கினான். பாரமே இல்லாததுபோல். அழவில்லை.

சாம்பி நின்றது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. நீ இருக்கிறாயே.

மதிலின் அந்தப்பக்கம் குதித்தது.

புஷ்பமேரி வாயைத் திறந்தாள். கைக்குள் மூட்டை நெளிந்தது. உள்ளேயிருந்து மெல்லிசாக, பசியோடு, ஓர் அழுகை. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது.

கட்டிலில் ஜெனிஃபர் புரண்டாள். கண்ணைத் திறக்கவில்லை. ரவிக்கைக் கொக்கியை அவிழ்த்தாள். ரெண்டு கையையும் நீட்டினாள்.

"புள்ள பசிக்கு அழுவுறாம்மா. குடு இப்படி."

ஈர மூட்டை புஷ்பமேரியின் மாரில் முட்டியது. பால் தேடி.