கரையில் நின்ற பச்சைச் சட்டை

"லாகூர்க்காரன் ஏமாத்திட்டான் சார்!" வாசற்படியிலேயே கோவிந்தராஜனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் அவர் மகன் அஷ்வத் தலை குனிந்து நின்றான்.

கொல்கத்தாத் துறைமுகத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சண்முகம், நாற்காலியைக் காட்டினார். துப்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாத அவருடைய தங்கை மகள் ஹம்சினி, நோட்டும் பேனாவுமாக ஓடி வந்தாள்.

அது 2004ஆம் ஆண்டின் குளிர்காலம். ரவீந்திர சரோபர் ஏரியில் முந்தைய நாள் நடந்த இந்திய-பாகிஸ்தான் நல்லெண்ணப் படகுப் பந்தயத்தில், தனியாள் படகுப் பிரிவில், அஷ்வத் லாகூர் ஆசிமிடம் தோற்றிருந்தான்.

"ஆசிமோட கோச் பண்ணின வேலை சார். நடுவர் குழுவுக்குப் புகார் கொடுத்துட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சாட்சி காட்டினா ஆசிமுக்கு ஆயுள் தடை, தங்கம் நமக்கு. சாட்சியை நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

"நீ என்னப்பா பார்த்தே?" என்றார் சண்முகம்.

"முடிவுக் கோட்டுப் பக்கம் கரையில அந்த கோச் பச்சைச் சட்டையில நின்னான் அங்கிள். நூறு மீட்டர் இருக்கறப்பவே பார்த்துட்டேன். அவன் மேலேயே கண் வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். கிட்ட போனதும் மிதவைக் கயித்தை என் பாதையில இழுத்துவிட்டான், துடுப்பு மாட்டிடுச்சு. பிஷ்ஷாஷ் கோருன், நம்புங்க, சத்தியமா!"

"செருப்புத் தடம் இருக்கும் மாமா! இப்பவே ஏரிக்குப் போகலாம்" என்று ஹம்சினி எழுந்தேவிட்டாள்.

"உட்காரும்மா. சார், நீங்க எங்கே நின்னீங்க?"

"புறப்படற இடத்துலதான். அஞ்சு வருஷமா விடியக்காலைப் பயிற்சியிலயும் அங்கேதான் நிக்கறேன். முடிவுக் கோட்டுல நின்னா முதுகுதான் தெரியும். புறப்படற இடத்துல நின்னா, கண்ணுக்கு மறையற வரைக்கும் என்னைப் பார்த்துக்கிட்டே துடுப்புப் போடுவான்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இது ஒரு நாளைத் தாண்டவில்லை.

"அப்போ சாட்சி நீங்கதான்" என்றார் சண்முகம். "துடுப்புப் போடறவன் போற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். ஒரு தடவை சட்டுன்னு திரும்பிப் பார்க்கலாம். கடைசி நூறு மீட்டர் வேகத்துல திரும்பியே பார்த்துக்கிட்டு வந்தா படகு கோணிக்கிட்டுப் போயிடும். இவன் எப்படி ஒருத்தன் மேலேயே கண் வச்சுக்கிட்டு வந்தான்?"

ஹம்சினியின் பேனா நின்றது. "பந்தயம் பார்க்கற எல்லாருக்கும் இது தெரியுமே மாமா!"

"சாருக்கும் தெரியும். வேற யார் மேல பழி சொல்லியிருந்தாலும் அங்கேயே பிடிச்சிருப்பார். லாகூர்க்காரன்னதும் நம்பிட்டார்."

கோவிந்தராஜன் மகன் பக்கம் திரும்பினார். பெற்ற பிள்ளையே தன்னை முட்டாளாக்கிவிட்டானே! "ஏண்டா?" என்று கையை ஓங்கினார்.

"துடுப்பு நழுவிடுச்சுப்பா. நானாத்தான் தோத்தேன்." அஷ்வத் முதல்முறையாக நிமிர்ந்தான். "பாகிஸ்தான்காரன்கிட்ட தோத்துட்டு வீட்டுப் படி ஏறாதேன்னு நேத்து காலைல நீங்கதானே சொன்னீங்க?"

ஓங்கிய கை தானாக இறங்கியது. யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்று அவருக்கே விளங்கவில்லை. மணி நாலே முக்கால் ஆகியிருந்தது. அவர் தொலைபேசியை இழுத்து நடுவர் குழுவின் எண்ணை அழுத்தினார்.

"கோவிந்தராஜன் பேசறேன். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். பந்தயத்துல என் பையன் நேர்மையாத்தான் தோத்தான். பொய் சொன்னது வீட்டுக்கு வந்தப்புறம்."