இடையில் சுவர்

காலையில் பல் துலக்கிக்கொண்டே அருகாமைப் பட்டியலைத் திருத்துவது அந்த அடுக்ககத்தில் எல்லாருக்கும் பழகிப்போன வேலை. முந்தைய நாள் ஆறடிக்குள் யார் யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று மணிக்கட்டுப் பட்டை காட்டும். பட்டைக்குக் கண் கிடையாது. அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் குறட்டை விட்டால், அதையும் எட்டு மணி நேரச் சந்திப்பு என்று எழுதிவைத்துவிடும். அதற்காகத்தான் ‘இடையில் சுவர்’ என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். சரவணம்பட்டிக்காரர்கள் அதைக் கூச்சமே இல்லாமல் அழுத்துவார்கள். பிடிக்காத நாத்தனார், மாமியாருக்குத் தெரியாமல் புறணி பேசிய தோழி, எல்லாருக்கும் சுவர்தான். 12-பி வீட்டு மிதுனாவும் அழுத்தியிருக்கிறாள். நோய் இல்லாத காலத்தில் அந்தப் பட்டியலை யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்த வாரம் நோய் வந்துவிட்டது. திங்கட்கிழமை கோவையில் பதினோரு பேர் என்றார்கள். செவ்வாய்க்கிழமை எத்தனை என்று சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். கடைகளில் மிளகும் சுக்கும் தீர்ந்தன. லிப்டில் தும்மிய ஏழாம் மாடிக்காரரைப் படியேறிப் போகச் சொல்லிவிட்டார்கள். மிதுனா கதவுக் கைப்பிடியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துத் துடைத்துச் சாயம் போக்கிவிட்டாள். அவளுக்கு ஒரே கவலைதான். அவள் கணவன் பிரணவ் தனுஷ்கோடிக் கடலில் காற்றாலை மேடையில் வேலை செய்கிறான். பதினோரு மாதம் கழித்து வியாழக்கிழமை வருகிறான். எட்டே நாள் விடுப்பு. அதுவரை ஊரை மூடாமல் இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை, வாய் நிறைய நுரையோடு பட்டையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டை சிவந்திருந்தது.

‘ஜெயசீலி, 12-சி. நோய் உறுதி. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் நீங்கள் உடனிருந்தீர்கள். சரியா?’

ஜெயசீலி பக்கத்து வீட்டுக்காரி. நாகர்கோவில் பெண், தனியாக இருக்கிறாள். வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுவரும் டிரோன்களை, அரசு மொழியில் சரக்குப்பறவைகளை, பழுது பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து உட்கார்ந்து மிதுனாவின் இரண்டு கைகளுக்கும் மருதாணி போட்டுவிட்டாள். “அண்ணன் வாற நாள்ல கை இப்படியா வெறுமையா இருக்கும்?” என்று கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பிடித்துப் போட்டாள்.

சரி என்று அழுத்தினால் என்ன ஆகும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முன்பொரு பெருநோயில் மனிதர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் வரிசை வரிசையாகச் செத்தார்கள். அந்த வெட்கத்தில் பிறந்தது உடனிருப்புச் சட்டம். நோயாளி தனியாகப் போகக் கூடாது; ஏற்கெனவே அருகில் இருந்தவர்கள் அவரோடு நோய்மனைக்குப் போய் இருபத்தொரு நாள் உடனிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசித்தான் மிதுனா எட்டாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கினாள்.

எட்டு நாள் விடுப்பு. இருபத்தொரு நாள் நோய்மனை. வாசல் மூச்சுமானியில் ஊதிப் பார்த்தாள். பச்சை. எனக்கு ஒன்றுமில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜெயசீலிக்கு வேலையிடத்தில் சிநேகிதிகள் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது போவார்கள். மருதாணி சிவந்த விரலால் ‘இடையில் சுவர்’ என்பதை அழுத்தினாள்.

அரைமணி நேரத்தில் வண்டி வந்தது. மிதுனா கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஜெயசீலி முகக்கவசத்தோடு, பையைத் தானே தூக்கிக்கொண்டு நின்றாள். முழுப் பாதுகாப்பு உடுப்பு அணிந்த ஊழியர் ஒருவர் மட்டும் எதிரே நின்றார்.

“கூட யாருமே வரலீங்களா?”

“இல்லங்க.”

“நாலு பேர் பேரு காட்டுதுங்க. நாலு பேருமே சுவருன்னு போட்டிருக்காங்க. நீங்க ஆமான்னு சொன்னாத்தானுங்க அது செல்லும். மூணு பேருக்கு ஆமான்னு சொல்லிட்டீங்க. கடைசியா 12-பி, மிதுனா. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம். நடுவுல சுவர் இருந்துச்சுங்களா?”

ஜெயசீலி மிதுனாவின் கதவைத் திரும்பிப் பார்த்தாள். துளைக்கு நேராகப் பார்த்தாள்.

“இருந்துச்சு. பக்கத்து வீடுல்லா? அவங்க அந்தப் பக்கம் இருந்தாங்க.”

மிதுனாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சை நினைத்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மத்தியானம் நோய்மனைக்குப் போன் செய்தாள்.

“நான் தப்பா அழுத்திட்டனுங்க. கூடத்தான் இருந்தேன்.”

“நோயாளியே உறுதி சொல்லிட்டாங்கம்மா. இனி வெளியாளை உள்ள விட முடியாதுங்க.”

மிதுனா இன்னொரு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. நாளைக்கு பிரணவ் வருகிறான் என்பதால்தான் கேட்கவில்லை என்று அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் வந்தான். கறுத்து, இளைத்து, சிரித்துக்கொண்டே வந்தான். கையைப் பிடித்துப் பார்த்து, “எனக்காகவா?” என்றான். சோறு போட்டாள். “பக்கத்து வீட்டுல வந்தும் உனக்கு ஒண்ணுமில்ல, நல்லவேளை. ஆமா, அந்தப் பொண்ணுகூட யாரு போனாங்க?” என்று கேட்டான். மிதுனா ரசம் எடுக்க எழுந்தாள்.

அப்போது போன் அடித்தது. ஜெயசீலியின் அம்மா. அவசரத்துக்கு என்று எப்போதோ எண் வாங்கி வைத்திருந்தவர். காது மந்தம் என்பதால் உரக்கத்தான் பேசுவார்; வீடு முழுக்கக் கேட்டது.

“மக்ளே, சீலிக்கு அடிச்சா எடுக்கல்ல. அதான் ஒனக்கு அடிச்சேன். நேத்தே சொன்னா, மிதுனாக்கா எங்கூட வந்திருக்கா, நீ கவலப்படாதேன்னு. ஒன் வீட்டுக்காரன் வாற நேரத்துல எம்பிள்ளைக்காகப் போயிருக்கியே மக்ளே, இதுக்கு நான் என்ன செய்யப்போறேன்?”

மிதுனா ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உறங்குகாளா?”

“ஆமாங்கம்மா. தூங்கறா.”

“நெத்தியில ஒரு ஈரத்துணி போடு. சின்னதுலயே காய்ச்சல் வந்தா தனியாக் கிடக்கப் பயப்படுவா. கையப் பிடிச்சுக்கோ மக்ளே.”

“பிடிச்சுட்டுத்தானுங்கம்மா இருக்கேன்.”

அந்த அம்மா அழுதுகொண்டே அவளை வாழ்த்த ஆரம்பித்தார். அவள் குடும்பம், அவள் வயிற்றில் பிறக்கப்போகும் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக வாழ்த்தினார். பிரணவ் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் பேச்சு முடிந்த பிறகும் மிதுனா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.