மாமரத்தில் ஏறிய மலாயாக் கொடி

பராசக்தி கொடியை இழுத்தாள்... வேலிக்கு அப்பாலிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்!

மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்த்துவிட்டு சொந்த ஊர் மீசாலைக்குத் திரும்பிய அவளுடைய தகப்பன் தம்பிராசா, கப்பலில் கொண்டுவந்து நட்ட கொடி அது. ஒரே மாரியில் கிணற்றடியை மூடி, குசினிக் கூரையில் ஏறி, ஆளில்லாமல் கிடந்த பக்கத்து வளவுக்குள்ளும் போய்விட்டது. அவள் வெட்ட வெட்டத் தழைத்தது. வெட்டிக்கொண்டே இருந்ததால் ஒரு பூவைக்கூட அவள் கண்டதில்லை.

“ஆரது அங்காலை? மாடோ?”

“மாடில்லை, மனிசன்தான்!” ஓர் ஆண்குரல் சிரித்தது. “உங்கடை கொடி எங்கடை கறுத்தக்கொழும்பான் மாமரத்தைக் கொல்லுது. பொட்டுக்காலை வந்து பாரும்!”

கோபத்தோடுதான் வேலிப் பொட்டுக்குள் குனிந்து நுழைந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமரத்தையே காணவில்லை. உச்சியிலிருந்து நிலம்வரை நீலம்... சரம் சரமாய், மழைத்துளி சொட்டும் நீலப் பூக்கள்! அவளுக்குக் கைகூப்பத் தோன்றியது.

“எங்கடை கொடியோ இது...?”

போன கிழமை அங்கே குடிவந்த சீவரத்தினம், கையில் கத்தியோடு பக்கத்தில் நின்றான்.

“வெட்டப்போறியளோ?” அவள் கத்தியைப் பார்த்துக் கேட்டாள்.

“தை மாசம் மரம் பூக்கவேணும். ஆனால்... இப்ப மனம் வரேல்லை.”

மறுநாள் அவனுடைய தாய் வேலியடியில் நின்று முறையிட, தம்பிராசாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “ஆற்றையும் பேச்சுக் கேட்டுக் கொடி வளக்க எனக்குத் தேவையில்லை!” என்று அடியோடு வெட்டிவிட்டார். மரத்திலிருந்த நீலமெல்லாம் கருகித் தொங்கியது. எல்லாம் அவன் மூட்டிய வேலை என்று நினைத்த பராசக்தி, கிடுகு வைத்துப் பொட்டையும் அடைத்தாள்.

மாசியில் ஒரு பிற்பகல்... பருவம் தவறி ஒரு மழை. அப்பால் ஏதோ தட்டும் சத்தம். மனம் கேட்காமல் கிடுகை விலக்கிப் பார்த்தாள்.

மாமரத்துக்கு எட்டத்தில், நனைந்தபடி, சீவரத்தினம் தடி நட்டுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். பந்தற்காலில்... அதே கொடி! நிலத்தில் படிந்திருந்த ஒரு கணு அவன் வளவிலேயே வேர்விட்டிருக்கிறது. செத்ததென்று அவள் அழுத கொடி, ஆளுயரம் எழுந்து ஒரு பூ விரித்திருந்தது.

பொட்டுக்குள் நுழைந்து அருகில் போனாள். “இது... எப்பிடி?”

“அம்மாவுக்கு ஒளிச்சு வளத்தனான். நெடுக நுனி கிள்ளுறன். மரத்திலை ஏற விடமாட்டன்.”

“உதுக்கு ஏன் இவ்வளவு பாடு?”

முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். “அண்டைக்கு நீர் பூவைப் பாத்துக்கொண்டு நிண்டீர்... நான் உம்மைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அந்த முகத்தை எந்த நாளும் பாக்கவேணும்போலை கிடக்கு...”

அவளுடைய காது சிவந்தது. “ஐயா கோவக்காரர்...”

“தெரியும். நாளைக்கு வந்து அவரோடை கதைக்கிறன்.”

“நாளைக்கோ...?” தலை குனிந்தபடியே கேட்டாள். “இண்டைக்கு வந்தால் என்னவாம்?”