வெள்ளைக் கடிகாரமும் வெள்ளைக் கோட்டுக்காரியும்

"ஏங்க... மணி என்ன ஆகுது?"

கையில் போனை வைத்துக்கொண்டே ஒருவன் மணி கேட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் எரிச்சல் வராது? ஹே-ரிம் குடையைச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தாள். உல்ஜிரோ தெருவில் அந்தக் கல்குக்சு நூடுல்ஸ் கடை வாசலில், மதிய வரிசை மழையில் நனைந்தபடி நின்றிருந்தது. அவளுக்குப் பின்னால் அவன். தலைமுடியில் மழைத்துளி, விரல் நுனியெல்லாம் சிவப்புப் பெயின்ட்... கண்கள் மட்டும், அடடா, அப்போதுதான் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி.

"உங்க கையில இருக்கறது என்ன, சோப்பு டப்பாவா?" என்றாள்.

"போன்தாங்க. ஆனா இதுல மணி தெரியாது. பாருங்களேன்!" என்று நீட்டினான். திரை முழுக்கப் பனி. பனியின் நடுவே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே, பனியோடு பனியாகக் கரைந்துபோய், வெள்ளை எழுத்தில் ஒரு கடிகாரம். "காலையில பத்துன்னு நினைச்சு பதினொண்ணுக்குப் போய் நின்னேன். வாடிக்கையாளர் கதவைச் சாத்திட்டாரு. எந்த மடப்பய இதை வரைஞ்சானோ, அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"கிடைச்சாச்சு. நான்தான் அந்த மடப்பய."

அவன் வாய் அப்படியே திறந்து நின்றது. வரிசையில் முன்னால் நின்ற இரண்டு ஆபீஸ்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கினார்கள்.

உண்மைதான். போன் கம்பெனியில் அவளுக்கு வேலையே, போனைத் திறக்கும் முன் தெரியும் பூட்டுத் திரையில் கடிகாரம் வரைவதுதான். ஊரில் ஒருத்தன் கடல் படம் வைப்பான், ஒருத்தி பிறந்தநாள் கேக் படம் வைப்பாள். எதன்மேல் வைத்தாலும் மணி தெரிய வேண்டும். அதற்காகத்தான் மதிய நேரத்தில் தெருவில் இறங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் "உங்க பூட்டுத் திரையைக் காட்டுங்களேன்" என்று கேட்டு, காட்டியவர்களுக்கு ஒரு வாழைப்பழப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்நூறு பேரைப் பார்த்தாயிற்று. இப்படிக் கடிகாரத்தையே முழுங்கிய படத்தைப் பார்த்ததில்லை.

பையிலிருந்து ஒரு பாலை எடுத்து நீட்டினாள். "இந்தப் படத்தைக் கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடன் குடுங்க. இதுல மணி தெரிய வச்சுட்டா, உலகத்துல எதுலயும் தெரிய வச்சுடுவேன்."

"தர்றேன். ஒரே கண்டிஷன்... படத்துல யாரையும் மறைக்கக் கூடாது."

யாரையும் மறைக்கக் கூடாதாமே! சுருக்கென்றது அவளுக்கு. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

அவன் பெயர் கியூ-மின். இரண்டு சந்து தள்ளி, கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்யும் பட்டறை வைத்திருந்தான். அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரே மேசை. ஆவி பறக்கும் இரண்டு கிண்ணம். அவள் அவன் போனில் புதுக் கடிகாரத்தை ஏற்றிக் காட்டுவாள். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ம்ஹூம்... எங்க தெருக் கடைசி வீட்டுத் தாத்தா கண்ணாடி போட்டாலும் தெரியாது" என்பான். கிம்ச்சி ஊறுகாய்த் தட்டில் பெரிய துண்டைப் பேச்சுக்கு நடுவே அவள் பக்கம் தள்ளிவிடுவான். பெயர்ப் பலகைக்காரன் ஆயிற்றே, வேலை தெரிந்த பேச்சு. "வெள்ளைச் சுவத்துல வெள்ளை எழுத்து கேப்பாங்க சில பேர். நாங்க சுவத்தைக் கறுப்பாக்க மாட்டோம். எழுத்தைச் சுத்தி நூல் கனத்துக்கு ஒரு கறுப்பு விளிம்பு. அவ்வளவுதான்."

அவள் கேட்டாள்தான். காதில் ஏறினால்தானே? கண் முழுக்க அந்தக் கோட்டுக்காரி மேல் இருந்தது. அவன் விரலில் காதலர்கள் போடும் ஜோடி மோதிரம் இல்லை... முதல் நாளே பார்த்துவிட்டாள். ஆனால் இந்த ஊரில் ஒருவன் ஒருத்தியின் படத்தைப் பூட்டுத் திரையில் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதிலும் அவன் திரையைப் பார்க்கும்போது அந்தக் கண்கள்... ஐயோ, அப்படி ஒரு கனிவு! அந்தக் கனிவில் கால்வாசி தன் மேல் விழுந்தால் போதும் என்று ஏங்கினாள். 'என்னடீ அப்படி ஒரு சிரிப்பு உனக்கு?' என்று அந்தப் படத்தோடு மனசுக்குள் சண்டை போட்டாள்.

பத்தாம் நாள் அந்தக் காரியத்தைச் செய்தாள். கடிகாரத்துக்குப் பின்னால் கறுப்பு நிழல் போட்டாள். மற்றவர் படங்களில் மெல்லிய நிழல். அவன் படத்தில்... கோட்டுக்காரியின் கழுத்துவரைக்கும் அமாவாசை! கீழே டார்ச் பொத்தானுக்கும் ஒரு கறுப்பு வட்டம் வைத்தாள். மணி பளிச்சென்று தெரிந்தது. மனசுக்கு எவ்வளவு குளுகுளுவென்று இருந்தது தெரியுமா!

கியூ-மின் போனைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கிண்ணத்தில் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்க காட்டின மத்தவங்க படத்துலயெல்லாம் இவ்வளவு இருட்டு இல்லையே. என் படத்துல மட்டும் ஏன்?"

"மணி தெரியணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

"யாரையும் மறைக்கக் கூடாதுன்னும் சொன்னேன்."

"அவ்வளவு ஆசையா இருந்தா அவங்களுக்கே போன் போட்டு மணி கேட்டுக்கங்க!"

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் வாடிப்போயிற்று. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை மறந்து, மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் எதிர் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து நூடுல்ஸை உறிஞ்சினார். 'அவளோடதான் எங்கேயாவது சாப்பிடுவான். அவ கோட்டுல சூப்பு சிந்தட்டும்!' என்று சபித்தாள் ஹே-ரிம். சபித்துவிட்டு அவளே அழுதாள். அவன் குடை அவள் கைப்பையிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை டீம் லீடர் மியோங்-ஹீ அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். பெரிய திரையில் முந்நூறு படங்கள்.

"ஏம்மா, எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் எத்தனை மடங்கு வேணும்?"

"நாலரை..."

"எல்லாத்துலயும் நாலரை, அஞ்சு. இந்தப் பனிப் படத்துல மட்டும் பதினாலு! நீ கடிகாரம் வரைஞ்சியா, இல்ல அந்தப் பொண்ணைக் குழி தோண்டிப் புதைச்சியா?"

ஹே-ரிமின் முகம் மிளகாய் விழுதாகச் சிவந்தது. மியோங்-ஹீ கண்ணாடியை இறக்கி அவளை ஒருமுறை பார்த்தாள். "ம்... சரி சரி. நான் எதுவும் கேக்கல. சாயங்காலத்துக்குள்ள நிழலை எடுத்துட்டு ஒழுங்கா வேற வழி பாரு."

நிழலை எடுத்தாள். கோட்டுக்காரி மறுபடி சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் சொன்ன மாதிரி எழுத்தைச் சுற்றி நூல் கனத்துக்கு விளிம்பு போட்டாள். அட... தெரிந்தது! யார் முகத்திலும் துளி இருட்டு இல்லாமல் மணி அழகாகத் தெரிந்தது. கீழே போய் டார்ச் பொத்தானின் கறுப்பு வட்டத்தையும் எடுத்தாள்.

அங்கே பனியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கூழாங்கல் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு புள்ளி இல்லை, மூன்று. இரண்டு கண்... ஒரு மூக்கு. அதைச் சுற்றி, பனியைவிடக் கொஞ்சமே மங்கலாக, இரண்டு காது.

நாய்! வெள்ளைப் பனியில் வெள்ளை நாய்! கோட்டுக்காரி கேமராவைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை, அந்த நாயைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். வெள்ளையில் வெள்ளை தொலைந்தால் கண்டுபிடிப்பதற்குத்தான் இவளுக்குச் சம்பளம். பொறாமைக் கண்ணுக்கு ஒருத்தி மட்டும்தான் தெரிந்திருக்கிறாள். கறுப்பு வட்டத்தை நேராக அந்த நாயின் முகத்தில் அல்லவா வைத்துத் தொலைத்தாள்!

அவன் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அதை விரிக்கத் தோன்றவில்லை. பட்டறைக்குள் போய் நின்றபோது அவள் மேலிருந்து தண்ணீர் சொட்டியது. கியூ-மின் ஒரு பெரிய எழுத்துக்கு விளிம்பு தீட்டிக்கொண்டிருந்தான். தூரிகை அப்படியே நின்றது.

"அது பேரு என்ன?" என்றாள் மூச்சு வாங்க.

அவன் புரிந்துகொண்டான். "தூபு. நாம சாப்பிடற சோயாக்கட்டி தூபு மாதிரி வெள்ளையா இருப்பான், அதான் அந்தப் பேரு. இந்த மார்ச்ல போயிட்டான். பதிமூணு வருஷம்... ஒரு இடத்துல நிக்க மாட்டான். மத்த படத்துலயெல்லாம் வாலுதான் இருக்கும். முகம் விழுந்தது அந்த ஒரே படத்துலதான்."

"ஏன் சொல்லல?"

"முப்பது வயசு ஆம்பளை கல்குக்சு கடையில நாய்க்காக அழுதா நல்லாவா இருக்கும்?"

"அப்ப... அந்த வெள்ளைக் கோட்டு?"

"யாரு? ஓ, அவங்களா! யாருன்னே தெரியாதுங்க. பார்க்குல போறவங்க. தூபு குறுக்க ஓடினான், சிரிச்சாங்க, போயிட்டாங்க."

யாரென்றே தெரியாதவள்! பத்து நாளாக யாரென்றே தெரியாத ஒருத்தியோடு மல்லுக்கட்டி, தூக்கத்தைத் தொலைத்து, பதினாலு மடங்கு இருட்டில் தள்ளி... ஹே-ரிமுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது.

"வெளிச்ச வித்தியாசம் நாலரை மடங்கு போதும். நான் பதினாலு வச்சேன்," என்றாள் தரையைப் பார்த்தபடி. "அவங்க முகம் தெரியக் கூடாதுன்னு வேணும்னேதான் வச்சேன். பொறாமைங்க... வயிறு பத்தி எரிஞ்சது. நீங்க அவங்களைப் பாக்கற மாதிரி என்னை ஒரு தடவை பாத்தா போதும்னு இருந்துச்சு. தூபுகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்."

அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சிரித்தான்.

"நான் மூணு நாளா கல்குக்சு கடைக்கு எதிர்த்த மருந்துக் கடையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்... அந்த வாழைப்பழப் பாலை இன்னிக்கு எவனுக்குக் குடுக்கறீங்கன்னு. நேத்து அந்த டை கட்டினவனுக்கு ரெண்டு குடுத்தீங்க."

"அவர் ரெண்டு போன் வச்சிருந்தாரு!"

"எனக்கு அது எப்படித் தெரியும்? கடையில போய் என்ன கேக்க வந்தேன்னு மறந்து, தேவையில்லாம வயித்து வலி மாத்திரை வாங்கிட்டு வந்தேன்."

அவள் குபீரென்று சிரித்தாள். அவன் போனை வாங்கிப் புதுக் கடிகாரத்தை ஏற்றினாள். பனி, கோட்டுக்காரி, கீழே தூபுவின் இரண்டு கண்ணும் மூக்கும். யார் மேலும் நிழல் இல்லை. மேலே பன்னிரண்டு நாற்பது, நூல் விளிம்போடு, தெள்ளத்தெளிவாக.

கியூ-மின் அதைப் பார்த்தான். பிறகு போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, அவளைப் பார்த்தான். அதே கண்... அதே கனிவு. இம்முறை முழுக்க அவள் மேல்.

"ஏங்க... மணி என்ன ஆகுது?"

"போன்லதான் தெரியுதே!"

"தெரியுது. ஆனா இனிமே தினமும் உங்ககிட்டதான் கேக்கணும்னு இருக்கு... கேக்கலாமா?"

ஹே-ரிம் அவன் குடையை விரித்தாள். "சாப்பாட்டு நேரம் ஆச்சு. வாங்க, வரிசை பெருசாயிடும்," என்று சொல்லி, பெயின்ட் காயாத அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.